அப்பாவின் இன்னொரு மடையா

அப்பா பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிவந்த பழைய பைனாகுலரின் தோல்வாரை முகர்ந்தால், யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கழுத்து வியர்வை இன்னும் மிச்சமிருப்பதுபோல ஒரு புளித்த வாடை வரும். முகர்வதற்கு மட்டுந்தான் எனக்கு அனுமதி. கண்ணில் வைத்துப் பார்ப்பது அப்பா ஒருவரின் உரிமை.

அவர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பேருந்து ஓட்டியவர். சைக்கிள்காரர்களையும் மாடுகளையும் அதட்டி அதட்டியே முற்றிய தொண்டை. சாப்பிடும்போது உப்புக் கேட்டால்கூடத் தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துப் பூங்காவின் ஏரிக்கரையில் போய் இறங்கியதும், தூளியாட்டுகிறவர்போலக் குரலைத் தணித்துக்கொள்வார். அந்தத் தணிந்த குரல் முழுவதும் ஒரே ஒரு பறவைக்குத்தான்.

அதன் பெயர் மடையான். தண்ணீர் பாயும் மடையோரம், சேற்று நிறத்தில், கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற குட்டைக் கொக்கு; பறக்கச் சிறகை விரித்தால் மட்டும் வெள்ளை. மடையன் என்றால் நான். இரண்டு பேரையும் அப்பா 'மடையா' என்றுதான் கூப்பிடுவார். என்னுடைய 'மடையா'வில் ஏர்ஹாரன் இருக்கும், அதனுடைய 'மடையா'வில் சர்க்கரை இருக்கும்.

எனக்கு வயிறு எரிந்தது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிக் காட்டினேன், "ம்" என்றார். அதே வாரம் அந்த மடையான் ஒரு தவளையை விழுங்கியதை, தவளையின் கால் எந்தப் பக்கம் துடித்தது என்பதுவரை, ராத்திரிச் சோறு ஆறுகிற அளவுக்கு அம்மாவிடம் விவரித்தார். அம்மாவும் என் கட்சிதான். "அவ்ளோ ஆசன்னா அதுக்கே ஒரு பொடவ எடுத்துக் குடுத்து இட்டுக்கினு வந்துடுங்க. நானு எங்க அம்மா ஊட்டுக்குப் போறேன்" என்றாள்.

நான்காம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஞாயிறு. சறுக்குமரத்தடியில் தனியாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டியபடி, கோரைப் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தார். அப்போது அந்தக் குரல் கேட்டது.

"வாடா மடையா. இன்னும் கிட்ட வாடா, என் ராசா."

என்னைத்தான்! நூற்றுக்கு நூறு இப்போதுதான் மண்டையில் உறைத்திருக்கிறது என்று எண்ணி, "தோ வர்றேம்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சேற்றில் வழுக்கி அவர் முதுகிலேயே விழுந்தேன். எதிரே ஒரு மண்ணாங்கட்டி திடீரென்று வெள்ளையாக வெடித்துப் பறந்துபோனது. அப்பா திரும்பினார்.

"மடையா!"

இது என்னுடையது. சந்தேகமே இல்லை.

நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று, "வுடுங்க டிரைவரே, மடையான்னு கூப்ட்டீங்க, ரெண்டுல ஒண்ணு வந்துடுச்சில்ல" என்றார். பூங்காவே சிரித்தது. அப்பா மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்முள் தொண்டையில் சிக்கி அது சாக வேண்டுமென்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அம்மன், பாவம், கொக்கு விஷயத்தில் தலையிடவில்லை.

அவள் செய்யாததைச் செய்து முடித்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள். இப்போது ஏரியைச் சுற்றிக் கருங்கல் பதித்து, நடைபாதை போட்டு, சிவப்பு மூக்கோடு சிமெண்டில் ஒரு கொக்கையும் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் தோளில் கைபோட்டு எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். காலூன்றச் சேறில்லை, மடையானும் இல்லை. போட்டியே இல்லாமல் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அப்பா என்னை 'மடையா' என்பதில்லை. "தம்பி, சாப்ட்டியா" என்கிறார், எதிரில் வரும் கலெக்டர் வண்டிக்கு ஒதுங்குகிற மாதிரி.

போன வாரம் சென்னையிலிருந்து வந்திருந்தேன். அப்பா ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் சொன்னபடி நான் சுற்ற ஆரம்பித்தேன். அக்கரைக்குப் போனபோது தற்செயலாகப் பார்த்தால், பைனாகுலர் என்னை நோக்கி இருந்தது. நடந்தேன், அதுவும் நகர்ந்தது. நின்றேன், அதுவும் நின்றது. அவசரமாகத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் ஏதாவது பறவை, எனக்குச் சரியாக ஈடுகொடுத்து, கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்திருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.