செத்துப் பிழைத்தவளின் ஈஸ்டர்

எதிர்வீட்டு அக்கா என் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் என் கால் அசைந்ததாம். எனக்கு அது தெரியாது. சொம்பு ஒன்று தரையில் உருளும் சத்தமும் யாரோ அலறும் சத்தமும் கேட்டன. கண் திறந்தேன். அறையில் யாரும் இல்லை. வாயைத் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. தாடையைச் சேர்த்துத் தலையோடு ஒரு துணியால் கட்டியிருந்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் குடியிருந்தோம். என் கணவர் பயர்மேன், ஓடுகிற எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. அந்த மழைக்காலத்தில் எங்கள் வரிசையில் காய்ச்சல் காணாத வீடே கிடையாது. குளிர் வரும், உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், பிறகு நெருப்பாய்ச் சுடும். கொயினா மாத்திரை தின்று தின்று காதெல்லாம் இரைந்தது. ஒரு நாள் காலை எனக்கு மூச்சு நின்றுவிட்டது என்று பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். மூக்கில் கை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், கண்ணாடி பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். கிள்ளானில் இருந்த என் அம்மாவுக்குத் தந்தி போனது. சீனத் தச்சர் ஒருவரிடம் பெட்டி செய்யச் சொல்லிவிட்டு என் கணவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அலறல் கேட்டு முதலில் உள்ளே வந்தவர் அவர்தான். என் கண்ணைப் பார்த்தார். பக்கத்தில் வரவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல வந்து அந்தக் கட்டை அவிழ்த்தார்.

"தண்ணி" என்றேன்.

அம்மா மத்தியான ரயிலில் வந்து சேர்ந்தபோது நான் சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டே படியேறி வந்தவர் என்னைக் கண்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைத் தொட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

இதோடு முடிந்திருந்தால், ஆண்டவர் காப்பாற்றினார் என்று சொல்லி எல்லாரும் மறந்திருப்பார்கள். ஆனால் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். கல்யாணம் ஆகாதவள், அக்கா வீட்டிலேயே வளர்ந்தவள். அவளுக்கும் அதே காய்ச்சல். நான் எழுந்த மறுநாள் அவள் போய்விட்டாள். எனக்காகச் செய்த பெட்டி தச்சர் கடையில் தயாராக நின்றது. அவசரத்துக்கு அதையே கொண்டுவந்தார்கள். நான் எழுந்து போக முடியாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் அளவுக்குச் செய்த பெட்டியில் அவளை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா திரும்பி என் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டால் பாதிக் குடத்தோடு போய்விடுவார். தன் சின்ன மகளை எங்கள் வாசல் பக்கமே விடமாட்டார். இவளுக்குப் பதிலாக அவள் போனாள் என்று வரிசையில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால் மலாய்க் கிராமத்துப் பிள்ளைகள் தங்கள் மொழியில் "ஹந்து, ஹந்து" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பேய் என்று அர்த்தம்.

அவர்கள் பயந்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கே என்மேல் பயம். கண் மூடினால் திரும்பவும் தாடையைக் கட்டிவிடுவார்களோ என்று இருக்கும். பெட்டியை ஆணி அடித்து மூடிய பிறகு விழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைப்பேன். மூச்சு முட்டும். எழுந்து கதவைத் திறந்து வைத்துக்கொள்வேன். என் கணவர் வேலை முடிந்து வந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் அசந்து படுத்திருந்தால் என் மூக்கருகே அவர் கரி படிந்த விரல் வரும். நான் விழித்துக்கொண்டது தெரிந்தால் விரலை இழுத்துக்கொண்டு, "கொசு" என்பார். நானும் நம்பியது போல் இருப்பேன்.

ஈஸ்டர் வந்தது. எங்கள் சின்னத் தமிழ்க் கோயிலில் விடியற்காலை ஆராதனை. நான் போய் உட்கார்ந்த பெஞ்சில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து முன்னால் போய்விட்டார்கள். மரித்தவர் எழுந்தார் என்று எல்லாரும் சத்தமாகப் பாடினார்கள். நான் அந்த நீளப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பாடினேன்.

அன்றைக்கு உபதேசியார் வேதம் வாசித்தபோது ஒன்று காதில் விழுந்தது. ஆண்டவரின் கல்லறைக்குப் போன பெண்கள் அது திறந்து கிடப்பதைக் கண்டு நடுங்கி ஓடினார்கள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் பயந்திருந்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. சந்தோஷம்தான் மனதில் நின்றதே தவிர, அவர்கள் பயந்தார்கள் என்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு உபதேசியாரிடம் போனேன். அவர் ஊரிலிருந்து கப்பலேறி வந்து அதிக காலம் ஆகவில்லை, என் கணவர் வயதுதான் இருக்கும். நான் கிட்டே போனதும் அவரும் ஓர் அடி பின்னால் வைத்தார். உடனே வெட்கப்பட்டு நின்றுகொண்டார்.

"ஐயா, வேதத்துல நாலு நாள் கல்லறையில கிடந்தவரை ஆண்டவர் கூப்பிட்டு எழுப்பினாரே. அவர் அப்புறம் செத்தாரா?"

"செத்துத்தான் இருப்பாரும்மா. மனுஷன்தானே."

"ரெண்டாம் தடவை சாகும்போது பயந்திருப்பாரா?"

அவர் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது எழுதியிருக்கலம்மா. எனக்குத் தெரியல" என்றார். பிறகு, யோசித்து யோசித்துச் சொன்னார். "அவர் திரும்பி வந்தாரு. நீங்களும் திரும்பி வந்தீங்க. பழைய உயிர்தான், பழைய உடம்புதான், மறுபடியும் காய்ச்சல் வரும். ஆண்டவர் திரும்பி வரல. சாவுக்குள்ள போயி அந்தப் பக்கமா வெளிய போயிட்டாரு. இனிமே அது அவரைத் தொடாது. நமக்குத் தர்றேன்னு அவர் சொல்லியிருக்கிறது அந்த உயிர்தான்னு நான் நம்புறேன்."

"உங்களுக்குப் பயம் இல்லையா?"

"இருக்கும்மா" என்றார்.

அவர் சொன்னது முழுவதும் எனக்குப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இடம் மாறியது போல் இருந்தது.

அடுத்த ஆண்டு அக்காவுக்கு இருமல் வந்தது. பிறகு இருமலில் ரத்தம் வந்தது. ஒரு நாள் காலை அவர் கணவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அவ உன்னைக் கூப்பிடுறா."

போனேன். அக்காவின் உடம்பு பாயோடு பாயாக இருந்தது. அவர் மகள் மூலையில் நின்று என்னையே பார்த்தாள். அக்கா கணவரையும் பிள்ளையையும் வெளியே போகச் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். "நீ போயிட்டு வந்தவ. அங்க என்ன இருக்கு, சொல்லு."

ஒளியைப் பார்த்தேன், தூதர்களைப் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். அவர் கண் அதைத்தான் கேட்டது. சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா. வலிக்கல. அது மட்டும்தான் தெரியும்."

"ஒண்ணுமே இல்லையா?"

"நான் அவ்வளவு தூரம் போகலக்கா. வாசல்லயே திரும்பிட்டேன். உள்ள போயி அந்தப் பக்கம் வந்தவர் ஒருத்தர்தான். எனக்கும் அவர் சொன்னதுதான் இருக்கு, உங்களுக்கும் அதுதான்."

"உனக்குப் பயம் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "நீ எதையாவது சொல்லி ஏமாத்துவேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அந்தக் காய்ச்சல் காலத்துக்குப் பிறகு என் கணவரையும் அம்மாவையும் தவிர என்னைத் தொட்டது அவர்தான். "என் தங்கச்சி செத்ததுக்கு உன்னைப் பழி சொன்னேன். எனக்கு யாரையாவது சொல்லணும் போல இருந்துச்சு."

"தெரியும்க்கா."

அதற்குப் பிறகு தினமும் போனேன். சில நாள் ஜெபம் செய்தோம், சில நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒரு மத்தியானம், ரயில் ஒன்று வீட்டை அதிர வைத்துக்கொண்டு போனது. அது போய் அமைதியானபோது அவர் மூச்சு நின்றிருந்தது. மற்றப் பெண்கள் வந்தார்கள். அவசரப்பட வேண்டாம் என்று சொன்னேன். எதற்காகச் சொல்கிறேன் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பொழுது சாயும்வரை காத்திருந்தோம். எழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். எழாமல் போய்விடுவாரே என்றும் பயந்தேன். அவர் எழவில்லை.

அடக்கம் முடிந்து, அவர் கணவர் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது, காலையில் பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். முதல் நாள் அவள் படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"நீங்க பேயா?"

"இல்லம்மா."

"எங்கம்மாவும் உங்களை மாதிரி வருவாங்களா?"

"என்னை மாதிரி வரமாட்டாங்க. வரும்போது நல்லா வருவாங்க. அதுக்கப்புறம் சாகவே மாட்டாங்க."

"எப்ப?"

"அது எனக்குத் தெரியாது."

அவள் அதை யோசித்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போய் இரண்டு குவளையில் கோப்பி ஊற்றினேன். திரும்பிப் பார்த்தபோது படியேறி வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.