யாரும் விடாத ஒரு பிடி

ஆபீசில் அவளை எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அத்தான், அதாவது கூடப்பிறந்த அக்காவின் கணவர். டீமுக்கு லீட் அவர்தான். ஒரு தப்பைத் தேட உட்கார்ந்தால் வரி வரியாக ஊர்ந்து போவாள், ஒன்றையும் தாண்டிக் குதிக்க மாட்டாள் என்பதற்காக வைத்த பெயர். கேலிதான், ஆனாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமை. வீட்டில் அத்தான், ஆபீசில் சார் என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டே பல வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

அம்மா சீக்கிரம் போய்விட்ட வீடு அது. தலை பின்னிவிட்டது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டது எல்லாம் அக்கா. படிப்பு முடிந்ததும் "நம்ம ஆபீசுக்கே வந்துடும்மா" என்று கூட்டிப்போனது அத்தான். அந்த இரண்டு பேர் சொன்னால் அதற்கு மேல் அவளுக்கு அப்பீல் கிடையாது. கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் கூடச் சொல்வார்: "நான் சொன்னா யோசிப்பே. உங்க அத்தான் சொன்னா கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவே."

ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நாடித்துடிப்பைக் காட்டிக்கொண்டு ஒரு பெட்டி நிற்குமே, அதற்குள் ஓடும் இயங்குதளத்தை எழுதுகிற கம்பெனி அது. அதன் அடிவயிறான கர்னலில்தான் இவளுக்கு வேலை. அந்த இடத்தில் எல்லாமே ஒரு எண்ணிக்கையில் நிற்கிறது. பலர் புழங்கும் ஒரு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிறவர் வாசலில் ஒன்று கூட்ட வேண்டும், வெளியே வருகிறவர் ஒன்று கழிக்க வேண்டும். பூஜ்யம் ஆனதும் அறையைப் பூட்டி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மெமரியின் ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு. கூட்டுவதற்குப் பிடி என்றும் கழிப்பதற்கு விடு என்றும் அவர்களுக்குள் பேச்சு. பிடிக்காமல் உள்ளே போனவன் உட்கார்ந்திருக்கும்போதே அறை கைமாறிவிடும், மொத்தப் பெட்டியும் ஓட்டம் அறுந்து குப்புற விழும். பிடித்தவன் விடாமல் போனாலோ, ஆளே இல்லாத அறை காலத்துக்கும் அடைந்து கிடக்கும். அப்படி அறைகள் சேரச் சேர, மெமரி நிரம்பிப் பெட்டி மூச்சு முட்டி நின்றுவிடும்.

நடந்தது இந்த இரண்டாவது வகை. நாள்பட ஓடிய பெட்டிகள் ஆஸ்பத்திரிகளில் அப்படியே உறைந்து நிற்பதாகப் புகார் வந்தது. நர்ஸுகள் அணைத்துப் போட்டால் சரியாகும், கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி. நல்லவேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அடைந்து கிடந்த துண்டுகளெல்லாம், நோயாளி உடம்பில் ஒட்டும் சென்சாரைக் கவனிக்கிற பகுதியைச் சேர்ந்தவை. அதில் பெரும்பாலும் எறும்பு எழுதியது.

மீட்டிங்கில் மேனேஜர் முன்னால் அத்தான் நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எறும்போட பகுதிதான் சார். பாவம், வேலை ஜாஸ்தி. எங்கேயோ விட மறந்திருக்கா."

மேனேஜர் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "இந்த மாசத்துக்குள்ள கண்டுபிடிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா கர்னல்ல இருந்து எடுத்து, கையேடு எழுதுற பக்கம் அனுப்பிடலாம்" என்றார். அவளுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், பிடித்த வேலையும் அதுதான்.

உட்கார்ந்தாள். தன் பகுதியில் ஒவ்வொரு பிடிக்கும் ஒவ்வொரு விடுக்கும் யார், எங்கிருந்து என்று பதிய வைத்து ஓடவிட்டாள். எல்லாம் ஜோடி ஜோடியாகச் சேர்ந்தன. திரும்ப ஓட்டினாள், திரும்பவும் சேர்ந்தன. ஆனால் துண்டு மட்டும் சாகவில்லை, அதாவது எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. தனக்கே மூளை மழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் அக்காவுக்குப் போன் போட்டு அழுவாள். "விடு, அழாதே. சாப்பிட்டியா?" என்பாள் அக்கா.

அத்தான் தினமும் அவள் மேஜைக்கு வந்து நின்றார். "என்னம்மா, கிடைச்சுதா?"

"இல்ல சார். சென்சாரைச் செருகும்போது ஓடுற புரோகிராம் இருக்கே, அதுலயும் பதிவு போட்டுப் பாக்கட்டுமா?"

"அது நான் எழுதினது. நானே பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. அங்க போய் நேரத்தை வீணாக்காதே, உன் பக்கமே பாரு."

சரி என்று தலையாட்டினாள். எறும்பு என்று பேர் வாங்கிய மகராசி, அந்த ஒரே ஒரு புரோகிராம் கோப்பை மட்டும் பார்க்காமல் தாண்டிக் குதித்தாள். இதை என்னவென்று சொல்வது? வேறு யாராவது 'சுத்தமா இருக்கு' என்று சொல்லியிருந்தால் முதல் வேலையாக அங்கேதான் போய்ப் பார்த்திருப்பாள்.

கடைசியில் போய்ப் பார்த்ததும் சந்தேகத்தில் இல்லை. மாசம் முடியப் போகிறது, தன் தலை எப்படியும் உருளப் போகிறது, அத்தான் மேல் யாரும் விரல் நீட்டக் கூடாது, அவர் பக்கம் சுத்தம் என்பதை ஆதாரத்தோடு காட்டிவிட்டுப் போவோம் என்று நினைத்தாள். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் கோப்பிலும் பதிவு போட்டு ஓட்டினாள்.

முதல் ஓட்டத்திலேயே வந்து நின்றது. சென்சாரைச் செருகும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி. அதற்கு விடு எங்கேயும் இல்லை. விட மறந்தது என்றால், பிடித்த துண்டை அடுத்த வரியிலாவது தொட்டிருக்க வேண்டும். இது பிடித்ததோடு சரி, தொடவே இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டி, சென்சாரைப் பிடுங்கினாள். துண்டு பூஜ்யமாகிக் கைமாறியது, பெட்டி அந்த நொடியே விழுந்தது. அதே கோப்பில் அத்தான் எழுதிய டைமர் ஒன்று, குறித்த நேரத்துக்கு ஒருமுறை, பிடி போடாமலேயே அந்தத் துண்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல், துண்டு ஒருநாளும் சாகாதபடி ஒரு பிடியைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். தெரிந்தே செய்தது. இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மீட்டிங் அறைக்கு அவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, திரையைக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புது வெர்ஷன் ரிலீஸ் பண்ற நேரம். விழுந்துகிட்டே இருந்துச்சு. அப்போதைக்குன்னுதான் போட்டேன்."

"அப்புறம் மறந்துட்டீங்களா, அத்தான்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவளும் நம்பித் தொலைத்திருப்பாள். அவர் மேஜையைப் பார்த்தபடி பேசினார். "நீ சின்னவ. எந்த டீம்ல போட்டாலும் பொழச்சுக்குவே. இந்த வயசுல என்னை எறக்கிவிட்டா நான் எங்கம்மா போவேன்?"

"அதுக்காக, என் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டே தினமும் வந்து கிடைச்சுதான்னு கேட்டீங்களா?"

அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் மனசு எப்படிப் போனது தெரியுமா? மேனேஜருக்கு எழுதும்போது, 'பழைய தற்காலிக ஏற்பாடு ஒன்று கிடந்தது, எடுத்துவிட்டேன்' என்று யார் பேரும் போடாமல் எழுதிவிடலாம் என்றுதான் போனது. அக்கா முகம் கண்ணுக்குள் நின்றது. அவளிடம் ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிட்டு, அப்புறம் எழுதலாம் என்று நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவள் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னாள். அக்கா தலை நிமிரவில்லை, கை மடிப்பதை நிறுத்தவும் இல்லை. ஒரு சட்டை முடிந்தது, அடுத்த சட்டையை எடுத்தாள்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"புகார் வந்த அன்னிக்கே சொன்னார்."

"தினமும் போன்ல உன்கிட்டதானே அழுதேன்?"

"எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு? நீ தாங்குவேடி. அவர் தாங்க மாட்டார்." அக்கா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அவர் பேர் வராம எழுதிடு. எனக்காக."

அப்படி எழுதுகிற மனசோடுதான் அவள் வந்திருந்தாள். ஒரே ஒரு நிமிஷம் அக்கா திடுக்கிட்டிருந்தால் போதும், செய்தும் இருப்பாள். அத்தான் செய்தது நெஞ்சைச் சுட்டது உண்மைதான், ஆனால் இது அடியோடு சாய்த்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நடந்ததை நடந்தபடி எழுதப் போறேன்க்கா."

"எழுதிட்டு, அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இந்த வீட்டுக்கு வருவே?"

"வருவேன். உன் கையால சாப்பிடுவேன், ஊர்க்கதை பேசுவேன். அழணும்னா மட்டும் இங்க வர மாட்டேன்."