ஜமால் நானாவின் மூன்று கிண்ணங்கள்

யாங்கோனை ஒட்டிய தன்லியின் ஊர்ப் பாலத்தில் பேருந்து நெரிசலில் நின்றபோது போன் வந்தது. ஜமால் நானாவின் மனைவி மைமூன் லாத்தா. "வள்ளி, நானா மவுத்தாயிட்டாங்கம்மா." இறந்துவிட்டார் என்பதை நான் நம்பவில்லை. அந்த மனிதர் செய்த எதையுமே நான் சுலபத்தில் நம்பியதில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாங்கோனில் ஜப்பானிய முறைப்படி வாசனை கலப்பதில் கைதேர்ந்தவர் நானா. நடுவில் குச்சி இல்லாத மெல்லிய பத்தி, தேன் விட்டுப் பிசைந்த உருண்டை, எல்லாம் ஜப்பானுக்குப் போகும். அகில், சந்தனம், கிராம்பு. சேர்த்துப் பிடிக்க வாசமே இல்லாத மரப்பட்டைத்தூள். அவருடைய பட்டறையில் தூள் சலிக்கப் போனவள் நான். "நம்ம வாசனை கூவக்கூடாது வள்ளி, பக்கத்துல வந்து உக்காரணும்" என்பார். தங்கமான மனிதர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கொரோனாவில் படுத்து எழுந்து வந்தவர் வேறு ஆளாக இருந்தார். தினமும் காலையில் கதவைச் சாத்திவிட்டு என்னை மட்டும் உட்காரவைப்பார். மூன்று கிண்ணங்களின் சாம்பலில் கரித்துண்டைப் புதைத்து, மேலே கலவைத் துணுக்குகள் வைப்பார். எது எதோடு ஒன்று, எது வேறு என்று சொல்லவேண்டும். ஜப்பானியர்கள் விருந்தாளிகளோடு ஆடும் விளையாட்டு அது. நானாவிடம் விளையாட்டே இல்லை. "நேத்துக் கலவையும் இதும் ஒண்ணா? கிராம்பு தூக்கலா இருக்கா?" என் முகத்தையே பார்ப்பார். போலீஸ் விசாரணை தோற்றது, போங்கள்! அகிலைத் திருடுகிறேன் என்று நினைக்கிறாரா? வேலையைவிட்டுத் தூக்கக் காரணம் தேடுகிறாரா? வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி. நானும் சளைக்கவில்லை, அகிலை வைத்து அவர் பூட்டும் அலமாரியின்மேல் ஒரு கண் வைத்தேன்.

ஒரு நாள் ஒரு பத்தியைக் கொளுத்தி, கண்ணை மூடி, "மாஷா அல்லா, என்ன வாசம்!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதம் பார்க்க நான் வெறும் பட்டைத்தூளில் திரித்த பத்தி அது.

"இதுல ஒண்ணுமே போடலையே நானா!"

திருதிருவென்று விழித்தார். பிறகு சிரித்தார். "சபாஷ். உன்னைத்தான் சோதிச்சேன்."

அடப்பாவி மனுஷா, இன்னுமா சந்தேகம் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மையத்து வீட்டில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் காய்ச்சலோட அவங்களுக்கு மூக்கு போயிருச்சு வள்ளி. அடுப்புல ஞப்பி மீன்விழுது கருகினாக்கூடத் தெரியாது. வெளியில தெரிஞ்சா ஆர்டர் நின்னுரும், உங்க எல்லார் பொழப்பும் போயிரும்னு பயந்தாங்க. 'வள்ளி சொல்றதை வெச்சுத்தான் கலக்குறேன்'னுவாங்க."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே நானா! வாயைத் திறந்திருப்பேனா?

கடைசியாக அவர் பிசைந்த உருண்டைகள் த்வாண்டே ஊர் மண்ஜாடியில் ஊறிக்கொண்டிருந்தன. இன்று காலை கதவைச் சாத்திவிட்டு, ஒன்றை எடுத்துக் கரியின் மேல் வைத்தேன். கேட்பதற்கு எதிரே ஆள் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"கிராம்பு தூக்கலா இல்ல நானா. அகில் முன்னால வருது, சந்தனம் பின்னால வருது. சரியாத்தான் இருக்கு. நிம்மதியாப் போங்க."