மாலத்தீவுக்குப் போன பக்கங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் வலியசாலையில் குடியிருந்தோம். அம்மா ஒரு மருத்துவக் கல்லூரியில் நூலகர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாலத்தீவிலிருந்து போன் வந்தது. பேசியவள் முந்தின வருடம் இங்கே வந்து அம்மாவிடம் நூலக வேலை பழகிப் போனவள். இப்போது அங்கே ஓர் ஆஸ்பத்திரி நூலகத்தில் இருந்தாள். பேசி முடித்ததும் அம்மா அடுப்பை அணைத்தாள்.

"செருப்பைப் போட்டுக்கோடி. அங்க ஒரு கொழந்தை ஒதளங்காயைத் தின்னுடுத்தாம். என்ன வைத்தியம்னு டாக்டருக்கு உடனே தெரியணுமாம்."

ஒதளங்காய் பார்க்க மாங்காய் போலிருக்கும். உள்ளே இருக்கும் விதை இதயத்தையே நிறுத்திவிடும். அந்த விஷத்தைப் பற்றி எங்கள் ஊர்ப்பக்க டாக்டர்கள் நிறைய எழுதியிருந்தார்கள். எனக்கோ பயமே வரவில்லை. ஆட்டோவில் ஏறியதும் வெளிநாட்டுக்கே கிளம்பிவிட்டது போலிருந்தது.

கல்லூரிக் காவலாளி மலையாளத்தில், "இன்னு அவதியல்லே, சேச்சி?" என்று லீவு நாளை நினைவூட்டுவதற்குள் அம்மா நூலகப் பூட்டைத் திறந்துவிட்டாள். மருத்துவ இதழ்களின் கனத்த தொகுப்புகளைத் தரையில் பரப்பினாள். அந்த ஆங்கிலம் எனக்கு எட்டாது; நான் படங்களாகப் பார்த்துப் புரட்டினேன். கறுப்பு வெள்ளையில் அந்தக் காய் கண்ணில் பட்டது.

"அம்மா, ஒதளங்கா!"

அம்மா பிடுங்கிப் படித்தாள். "இதேதான்டி!"

நகலெடுத்துக்கொண்டு எதிர்ப்புறம் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். ஃபேக்ஸ் இயந்திரம் தாளை மெல்ல விழுங்கி, கீழே துப்பியது. "ஐயோ, போகலியே!" என்று அலறினேன். பூத்காரர் சிரித்தார்.

"பேப்பர் இவிடெத்தன்னெ இரிக்கும், மோளே. எழுத்து மாத்ரம் போகும்."

பக்கங்கள் கிடைத்துவிட்டன என்று அங்கிருந்து தகவல் வந்ததும் நான் கைதட்டிக் குதித்தேன். ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். "சித்த சும்மா இரு, இன்னும் ஒண்ணும் தெரியாது" என்றாள் அம்மா. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை போன் அடித்தது; மாலத்தீவிலிருந்து அதே பெண்தான். குழந்தை கண் விழித்துப் பால் குடித்ததாம். அம்மா சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் சட்டென்று குரல் தாழ்ந்து, "உன் மகளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முதல் நாள் அந்தப் பெண் அதைச் சொல்லவேயில்லை. ஏதோ ஒரு டாக்டருக்காகக் கேட்பது போல நிதானமாகக் கேட்டிருந்தாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படத்தைக் கண்டுபிடிச்சவ நீதானே, உன்னோட பேசணுமாம்" என்று ரிசீவரை என்னிடம் கொடுத்தாள்.

பெருமையாக "ஹலோ" என்றேன். மூச்சு வாங்குவது போல, விட்டுவிட்டு ஏதோ கேட்டது. இன்னும் உரக்க "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்தேன். அலுத்துப்போய் ரிசீவரைத் திருப்பி நீட்டினேன்.

"லைன் சரியில்லம்மா."