சுவரில் வைத்த கை

றபீக் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது நான் இறக்காமம் ஊரில் ஒரு வாய்க்கால் கட்டின்மேல் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மூத்த மகன்தான் கதைத்தான். "அங்கிள், வாப்பா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாப் போயிட்டார். பகல் லுஹர்த் தொழுகையோட அடக்கம்," என்றான். ஓம் என்றேன். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். என் இடத்தில் அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

கல்முனையில் ஒரே அலுவலகத்தில் நாங்கள் இருவரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள். மதகு, தண்ணீர்த் தாங்கி, சாய்த்து வைத்த ஏணி, எது கண்ணில் பட்டாலும் றபீக் அதைப் பார்த்தபடி நின்றுவிடுவார். "றபீக் சேர் கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்கிறார்" என்று பகிடி பண்ணுவோம். அவர் கோபிக்கமாட்டார். "அசையாம நிக்கிறது எண்டா சும்மா நிக்கிறதில்ல மச்சான். ஒண்டு தள்ளுது, ஒண்டு தாங்குது. ரெண்டும் சரிக்குச் சரியா இரிக்கிறதால நமக்கு ஒண்டும் நடக்காத மாதிரித் தெரியிது," என்பார்.

என் அறிக்கைகளில் அவர் கண்ட குறை ஒன்றுதான். விசையின் அளவை மட்டும் எழுதிவிட்டு நான் எழும்பிவிடுவேன். "எந்தப் பக்கத்துக்கு? எந்த இடத்தில?" என்று தாளைத் திருப்பித் தருவார். திசையும் தொடும் இடமும் எழுதாத விசை விலாசம் எழுதாத கடிதம், போய்ச் சேராது என்பது அவர் கட்சி. எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் எழுதிக் கொடுப்பேன்.

பிறகு சுனாமியன்று கடல் ஊருக்குள் வந்தது. அவருடைய தங்கச்சியை அது கொண்டுபோய்விட்டது. ஏழாம் நாளே அவர் வேலைக்கு வந்துவிட்டார். கரையோரம் நாங்கள் நடந்த அந்த நாட்கள் இப்போதும் எனக்குக் கனவு போலத்தான் தெரிகின்றன. வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது. பக்கத்திலேயே கடல், தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் நீலமாகக் கிடந்தது.

அலை தூக்கிவந்த சிவலிங்கத்தின் மரத்தோணி ராபியத்தும்மாவின் வீட்டு வளவுக்குள் கிடந்தது. சிவலிங்கம் என் ஊர்க்காரர், அந்தத் தோணியைத் தவிர வேறு பிழைப்பில்லாதவர். ராபியத்தும்மாவுக்கோ முன்னறையும் ஒரு சுவரும்தான் மிச்சம். இந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்கு. வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. அவருடைய மகளுக்கு மாப்பிள்ளையும் பேசி முடித்திருந்தார்கள். கரையோரத்தில் நிற்கிற வீட்டைத் திருத்தலாம், விழுந்ததை அதே இடத்தில் கட்ட விடமாட்டார்கள் என்று அப்போது பேச்சு. அந்தச் சுவர் விழுந்தால் கலியாணமும் விழுந்த மாதிரிதான்.

சிவலிங்கம் என் முன்னால் கைகட்டி நின்றார். உழவு இயந்திரம் தயாராக நின்றது. தோணியை இழுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ராபியத்தும்மா என்னைப் பார்த்து, "ஒங்கட ஆள்ர தோணி எண்டதாலயா சேர் இவ்வளவு கெதியா எழுதினீங்க?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால்தான் வந்தது.

றபீக் வந்து வழக்கம்போல் பார்த்துக்கொண்டு நின்றார். பொறுமை போய்விட்டது எனக்கு. கடைசியில்தான் வாய் திறந்தார். "செவர இடிச்சது தோணிதான். இப்ப அதத் தாங்கிட்டு நிக்கிறதும் அதே தோணிதான். இழுத்தா செவரும் பின்னால வரும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பிப்போன தண்ணீர் சுவரைக் கடற்பக்கமாகச் சாய்த்திருந்தது. சுவர் தோணியின் முன்முனையான அணியத்தில் முதுகை வைத்து நின்றது.

"அப்ப தோணிய எடுக்கேலாதா?" என்று கேட்டார் சிவலிங்கம்.

"எடுக்கலாம். எடுக்க முதல், அது குடுக்கிற விசைய அதே எடத்தில, அதே பக்கத்துக்கு வேற ஒண்டு குடுக்கணும்."

இரண்டு தென்னங்குற்றிகளைச் சாய்வாக முட்டுக் கொடுத்து, அடியில் ஆப்பை மெல்ல மெல்ல அடிக்கச் சொன்னார். பிறகு நான் கையெழுத்து வைத்த தாளை வாங்கி அணியத்துக்கும் சுவருக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். நாலாம் தரம் தாள் தடையில்லாமல் போய் வந்தது. சுவர் தோணியை விட்டு முட்டில் நின்றது. "இதுக்காவது உதவிச்சே," என்றார். நான் சிரிக்கவில்லை.

நேரே கடற்பக்கம் கிணறு இருந்ததால் அங்கே நின்று இழுக்க முடியாது. உழவு இயந்திரத்தை அனுப்பிவிட்டு, கிணற்றுக்கு இருபக்கமும் சரிவாக இரண்டு கயிறு போட்டோம். ஒன்றில் சிவலிங்கத்தின் ஆட்கள், மற்றதில் ராபியத்தும்மாவின் சொந்தக்காரர். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தால் தோணி திரும்பி முட்டுக்குற்றிகளைத் தட்டிவிடும். "பலம் காட்டத் தேவல்ல. ரெண்டு பக்கமும் ஒரே அளவா இழுங்க. அப்பதான் நடுவால ஒரு கயிறு இழுக்கிற மாதிரி நேரா வரும்," என்றார் றபீக். இரண்டு விசை சேர்ந்து தரும் அந்த ஒற்றை விசையைப் பாடத்தில் விளையுள் என்று படித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். சொல்லிவிட்டு அவர் போய்ச் சாய்ந்த சுவரின் கீழே நின்று அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். தோணி மணலில் மிதப்பதுபோல் நகர்ந்து கிணற்றுக்கு இப்பால் வந்து நின்றது. சுவர் அப்படியே நின்றது. அந்த வீட்டில்தான் மகளுக்குக் கலியாணம் நடந்தது. இப்போதும் அவள் அங்கேதான் இருக்கிறாள்.

யுத்தம் முடிந்த வருடம் ஒரு பின்னேரம் இருவரும் கடற்கரையில் இருந்தோம். மீன்பிடித் தடையெல்லாம் தளர்ந்து தோணிகள் தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இனி எல்லாம் சமநிலைதான் என்றேன் நான். "சத்தம் நிண்டிரிக்கி மச்சான். சமநிலை எண்டு எழுத இன்னும் பாக்கணும்," என்றார். பிறகு பேச்சு அந்தச் சுவருக்குப் போனது. கையை வைத்து என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"கை ஒண்டும் சொல்லல்ல," என்று சிரித்தார். "செவர்ட பாரம் எனக்குச் சரியாத் தெரியாது. முட்டு காணும் எண்டு சொன்னது நான். கணக்குப் பொழச்சா என்ட தலையிலதானே விழணும்?"

அவரோடு வேலை செய்த நண்பர்களே, உங்களிடமும் அவருடைய வார்த்தைகள் பல இருக்கும். என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். இது நிற்கும் என்று எதற்குக் கையெழுத்து வைப்பதானாலும் முதலில் அதன் கீழே போய் நிற்கிறேன். அங்கே நிற்க எனக்குப் பயமாக இருந்தால், கையெழுத்து வைப்பதில்லை.