அப்பா நிரப்பிய விண்ணப்பம்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கிளாக்கர்மார். அப்பாவும் கோட்டையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர்தான். கிளாக்கர் வேலைக்கான கிளறிக்கல் சோதனைக்கு அவர் நிரப்பித் தந்த விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை. தொழிற்பள்ளியில் கடைசல் வேலை பழகச் சேர்ந்தேன்.

"இரும்பு வேலைக்கோ போறாய்?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

அதன் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் என் எண்ணெய்க் கறை படிந்த காற்சட்டையைக் கண்டு ரயிலில் வேறு பெட்டியில் ஏறினார்கள்.

மூன்று வருடத்தில் தேர்ச்சி பெற்றேன். ரயில்வே பட்டறையில் வேலையும் கிடைத்தது. அன்று மாலை அப்பா வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம், "மகனுக்கு ரயில்வேயில வேலை" என்றார்.

"என்ன வேலை?"

"கந்தோரிலதான்."

நான் உள்ளே தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.