பதினைந்து வயதுக்காரியின் பக்கம்

2005 கோடையில் என் மகள் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். சுனாமிக்குப் பிறகு மீனவர் குப்பத்தில் ஒரு படிப்பகம் திறந்திருந்தார்கள். அங்கிருந்து அவள் ஒரு நாவல் எடுத்து வந்தாள். பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு என்று அட்டையிலேயே போட்டிருந்தது. எனக்கு அப்போது முப்பத்து நான்கு.

சும்மாதான் புரட்டினேன். மலையூர்ப் பெண் ஒருத்தி, பதினைந்து வயது, பாட்டுக் கற்றுக்கொள்ள நகரத்துக்குப் போக ஆசைப்படுகிறாள். அம்மா விடவில்லை. குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தேன்.

மறுநாள் புத்தகத்தைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். நானும் நாத்தனாரும் சேர்ந்துதான் உப்புச் சுமப்போம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது, சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அதிலிருந்து தினமும் படித்தேன். ஒரு பையன் அந்தப் பெண்ணிடம் தடுமாறிப் பேசும் இடத்தில், இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

"எனக்கு அந்த வயசுல இடுப்புல புள்ள இருந்துச்சி, அண்ணி" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போவட்டுமே அந்தப் பொண்ணு. அவங்கம்மாவுக்கு என்னா பயம்?" என்று கேட்டாள்.

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பக் கூடையைத் தலையில் ஏற்றி வரப்பில் நடந்தபோதுதான் என் மகள் ஞாபகம் வந்தது. திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறேன் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அவள் புத்தகத்தைத் தேடினாள். உப்புப் படிந்த அட்டையைத் துடைத்துக் கொடுத்தேன்.

"நீயாம்மா எடுத்த? இது எங்க வயசுப் பசங்க படிக்கிறதும்மா."

"தெரியும். கடைசில அவங்கம்மா அனுப்பறாளா?"

"சொல்ல மாட்டேன். நீயே படி."

"சரி. ஹாஸ்டலுக்கு என்னா வேணும்னு கேட்டுட்டு வா."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். வியர்வையும் உப்புமாக இருந்த என் புடவையை அவள் பொருட்படுத்தவில்லை.

ஹாஸ்டலிலிருந்து முதல் லீவுக்கு வந்தபோது பள்ளி நூலகத்திலிருந்து இரண்டு கதைப் புத்தகங்கள் கொண்டுவந்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அத்தைக்கு. நாத்தனார் தன்னுடையதை வாங்கிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் மடியில் வைத்தாள்.

"என்னுத மொதல்ல படி, அண்ணி."